காத்திருக்கக் கற்றுத் தரும் வாசிப்பு: வேதத்தைப் புதிதாகத் திறப்பவர்களுக்கு 40 நாள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை கிடைக்கும். குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் முதல் களியக்காவிளை வரை எத்தனையோ வீடுகளில் அது வருடம் முழுக்க நிலைக்கண்ணாடி ஓரத்திலோ காலண்டர் ஆணியிலோ செருகியிருக்கும். அந்த அட்டைகளில் அடிக்கடி வருகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. உங்கள்மேல் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம்.

அதற்கு நேர் மேலே இருக்கிற 10ஆம் வசனம் அட்டையில் வராது. பாபிலோனில் எழுபது வருடம் முடிந்த பின்புதான் உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்று அது சொல்கிறது. எருசலேமிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. முந்தைய 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொருவர், இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் வைத்துச் சொல்கிறார். கேட்க அதுதான் இனிமையாக இருந்திருக்கும். எரேமியாவோ எழுபது வருடம் என்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்கிறார். கடிதம் கையில் கிடைத்தபோது நாற்பது வயதில் இருந்தவர் ஊர் திரும்பப் போவதில்லை. திரும்புவது அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

ரப்பர் கன்று நட்டால் பால்வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும் என்பது தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கடிதம் எளிதில் விளங்கும். இன்று நடுகிற மரத்தில் நாளைக்குப் பால் வராது, ஆனாலும் நடுகிறோம். வேதம் பேசுகிற நம்பிக்கை அந்த வகை. அட்டையில் ஒற்றை வசனமாக வாசித்தால் அது இந்த வருடத்துக்கான உத்தரவாதம் போலத் தெரியும். டிசம்பர் வந்தும் கடன் தீரவில்லை என்றால் வசனம் பொய்த்துவிட்டதாகத் தோன்றும். பலர் வேதத்தை மூடிவைப்பது இந்த இடத்தில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் நாங்கள் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று: வசனமாக அல்ல, அதிகாரமாக வாசியுங்கள்.

சபையில் பிறந்து வளர்ந்தும் இதுவரை தானாக வாசிக்காதவர்கள், வேறு சமயத்தில் பிறந்து இப்போது வாசிக்க விரும்புகிறவர்கள், இழப்புக்குப் பின் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். வாசிக்க ஞானஸ்நானம் வேண்டாம், யாரிடமும் அனுமதியும் வேண்டாம்.

எந்த வேதாகமம்

தமிழில் அதிகம் புழங்குபவை இரண்டு. சி.எஸ்.ஐ., இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகளில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமம். இதன் தமிழ் 1871இல் வெளிவந்த பதிப்பிலிருந்து வருகிறது. 66 புத்தகங்கள். கத்தோலிக்க ஆலயங்களில் வாசிப்பது 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர் ஏற்கும் புத்தகங்கள் 73. இந்த வழிகாட்டியில் வருகிற பகுதிகள் எல்லாம் இரண்டிலும் உண்டு, பெயர்தான் மாறும். ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம், சங்கீதம் அங்கே திருப்பாடல்கள், ரோமர் அங்கே உரோமையர், கர்த்தர் அங்கே ஆண்டவர். பழைய இலத்தீன் வரிசையைப் பின்பற்றிய ஜெபப் புத்தகம் வீட்டில் இருந்தால் பெரும்பாலான சங்கீதங்களின் எண் ஒன்று குறைவாக இருக்கும். 23ஆம் சங்கீதம் அதில் 22.

முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்கு 121ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் போதும். பழைய மொழிபெயர்ப்பில் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று இருக்கிறது. மலையிலிருந்தே உதவி வருவது போலப் படும். திருவிவிலியத்தில் அது கேள்வி: மலைகளைப் பார்க்கிறேன், எங்கிருந்து எனக்கு உதவி வரும்? பதில் இரண்டாம் வசனத்தில் வருகிறது, ஆண்டவரிடமிருந்து. வேளிமலையைப் பார்த்தபடி வாழ்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

வாங்கும்போது எழுத்தின் அளவை மட்டும் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குக் கையடக்கப் பதிப்பு பரிசளிப்பது அவரை வாசிக்க விடாமல் செய்வதற்குச் சமம். பெரிய எழுத்துப் பதிப்பு கனமாக இருக்கும், மேசையில் வைத்து வாசிக்கலாம். செல்போன் செயலி தேடுவதற்கு நல்லது. தினசரி வாசிப்புக்கு அதை நாங்கள் சொல்ல மாட்டோம். மூன்றாம் வசனத்தில் இருக்கும்போது வாட்ஸ்அப் மணி அடிக்கும்.

ஒரு சொல்லை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்

இதைத் தெரியாமல் தொடங்கினால் பாதி வழியில் குழம்புவீர்கள். 1 கொரிந்தியர் 13:13 பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று மூன்றைச் சொல்கிறது. திருவிவிலியத்தில் அதே இடத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". கவனியுங்கள்: நம்பிக்கை என்ற ஒரே சொல் ஒன்றில் இரண்டாம் இடத்திலும் மற்றதில் முதல் இடத்திலும் நிற்கிறது. பழையதில் நம்பிக்கை என்றால் வரப்போவதற்காகக் காத்திருப்பது. புதியதில் நம்பிக்கை என்றால் கடவுளை நம்பிப் பற்றிக்கொள்வது. சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண்ணும் கத்தோலிக்க வீட்டுப் பெண்ணும் நம்பிக்கையைப் பற்றி மணிக்கணக்கில் பேசி, இருவரும் வேறு வேறு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்க முடியும். கத்தோலிக்கத் திருச்சபை 2025ஐ யூபிலி ஆண்டாகக் கொண்டாடியபோது எங்கும் எதிர்நோக்கு என்ற சொல் எழுதப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

கேரள எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. மலையாள வேதத்தில் அந்த மூன்றும் விசுவாசம், பிரத்யாசா, சிநேகம். பாறசாலைப் பக்கத்தில் பெண் கொடுத்து எடுத்தவர்கள், திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பிரத்யாசா என்ற சொல்லை ஜெபக்கூட்டங்களில் கேட்டிருப்பார்கள். விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தவை. மலையாளத்திலேயே வேதம் வாசிக்கப் பழகிய முதியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் நம்பிக்கை என்று வரும் இடத்தில் மனதுக்குள் பிரத்யாசா என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் பொருள் தெளிந்துவிடும்.

பழைய தமிழில் இன்னொரு சறுக்கல் உண்டு. 1 பேதுரு 1இல் வரும் "சுதந்தரம்" விடுதலை அல்ல, தகப்பன் வழி வருகிற பங்கு, உரிமைச் சொத்து. வாடாத சுதந்தரம் என்றால் யாரும் எழுதி வாங்கிவிட முடியாத பங்கு. நிலத்தகராறில் பங்கை இழந்தவர்கள் இந்த ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டு அந்த அதிகாரத்தை மறுபடி வாசிக்க வேண்டும்.

நேரமும் நோட்டும்

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். விடியற்காலைதான் சரியான நேரம் என்ற அறிவுரையை எல்லோருக்கும் சொல்ல முடியாது. பால்வெட்டுக்குப் போகிறவர் அந்த நேரத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பார். அவருக்கு வசதியான நேரம், வெட்டி முடித்தபின் சிரட்டை நிறையட்டும் என்று காத்திருக்கும் இடைவெளி. கடை வைத்திருப்பவருக்கு மதியம். வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் நடக்கிறதென்றால், அது தொடங்குமுன் 20 நிமிடம். எந்த நேரம் என்பது முக்கியமல்ல, தினமும் அதே நேரம் என்பதே முக்கியம்.

100 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். 40 நாளுக்கு நாளொன்றுக்கு எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு. பென்சில் ஒன்று, வேதாகமத் தாள் மெல்லியது, மைப் பேனாவால் கோடு போட்டால் மறுபக்கத்தில் ஊறித் தெரியும்.

முதலில் அதிகாரம் முழுவதையும் வாய்விட்டு, தெருவில் போகிறவருக்குக் கேட்காத, உங்கள் காதுக்குக் கேட்கிற அளவில் வாசியுங்கள். கண் தாண்டிவிடுகிற சொல்லை நாக்கு தாண்டாது. பிறகு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். அடுத்து மௌனமாக இரண்டாம் முறை. இம்முறை பென்சிலால் இரண்டு அடையாளம்: எழுதியவர் முறையிடுகிற, அழுகிற, கேள்வி கேட்கிற இடத்தில் ஓரத்தில் நேர்கோடு, கடவுள் செய்ததை அல்லது செய்யப்போவதைச் சொல்கிற இடத்தில் வட்டம். நோட்டின் இடப்பக்கம் ஒரே ஒரு வசனத்தை எண்ணோடு கையால் எழுதுங்கள். வலப்பக்கம் அதையே வீட்டில் பேசுகிற பேச்சில் எழுதுங்கள்.

இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். விட வேண்டாம். 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை வருகிறது. இடப்பக்கம்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." வலப்பக்கம் விளவங்கோட்டுக்காரர் ஒருவர் எழுதினால் இப்படி இருக்கும்: "ஆண்டவரே, இன்னும் எத்தற நாளு? என்ன மறந்தே போனீரா?" வேதத் தமிழில் இருக்கும்வரை அது தாவீதின் ஜெபம். வீட்டுப் பேச்சில் எழுதியதும் அது உங்கள் வாயிலிருந்து வருகிறது. கடவுளிடம் இப்படிக் கேட்கலாமா என்று பயம் வரும். கேட்கலாம். கேட்டவர்களின் பாட்டை வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

40 நாளும் என்ன வாசிப்பது

ஆதியாகமத்தில் தொடங்காதீர்கள். முதல் புத்தகம் நன்றாகவே போகும், யாத்திராகமத்தின் பின்பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும், லேவியராகமத்தில் நின்றுவிடுவீர்கள். அவை தேவையில்லாதவை என்பதல்ல. புதிதாக வருகிறவருக்கு அது வாசல் அல்ல.

முதல் 15 நாள், சங்கீதம் 120 முதல் 134 வரை. ஆரோகண சங்கீதங்கள் என்ற தலைப்பு போட்டவை. பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப் போகிறவர்கள் வழியில் பாடியவை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எல்லாம் சின்னவை, 131, 133, 134 மூன்றும் மும்மூன்று வசனம், மிக நீளமான 132க்கு 18 வசனம். 126இல் கண்ணீரோடே விதைக்கிறவர்கள் வருகிறார்கள். 130இல், எப்பொழுது விடியும் என்று காத்திருக்கிற ஜாமக்காரர் வருகிறார். இரவுக் காவல் நிற்கிறவருக்கு விடியுமா என்ற சந்தேகம் கிடையாது, எப்போது என்பதுதான் கேள்வி. அந்த ஒரு வசனத்திற்கு ஒரு நாள் முழுவதையும் கொடுத்தாலும் தகும்.

அடுத்த 16 நாள், மாற்கு, நாளொன்றுக்கு ஒரு அதிகாரம். கிறிஸ்தவம் சொல்லும் நம்பிக்கை எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்ற மனநிலை அல்ல. ஒருவர் கொல்லப்பட்டு, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தார் என்ற செய்தியின்மேல் அது நிற்கிறது. அதனால் அந்த வரலாற்றை முழுதாகத் தெரியாமல் நம்பிக்கை வசனங்களை மட்டும் பொறுக்குவது அஸ்திவாரமில்லாமல் ஓடு போடுகிற வேலை. 15ஆம் அதிகாரத்தில் சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று வரும். அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அன்று அந்தச் சங்கீதத்தையும் சேர்த்து வாசியுங்கள். 16:8இல் கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். உயிர்த்தெழுதலின் செய்தியை முதலில் கேட்டவர்களுக்கும் பயம்தான் முதலில் வந்தது. உங்களுக்கு உடனே சந்தோஷம் வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம்.

அதன்பின் 5 நாள் 1 பேதுரு, சிதறுண்டு போய் அந்நியராக வாழ்ந்தவர்களுக்கு எழுதப்பட்டது. வளைகுடாவில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஐந்து அதிகாரத்தைத் தனியாகவே அனுப்பலாம்.

மிச்சம் நான்கு நாள், நான்கு அதிகாரம்: புலம்பல் 3, எரேமியா 29, ரோமர் 8, லூக்கா 24.

புலம்பல் 3ஐ மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள். எருசலேம் எரிந்து விழுந்தபின் எழுதப்பட்டது. 66 வசனம். எபிரெயத்தில் எழுத்துகள் 22, எழுத்துக்கு மூன்று வசனமாக அகரவரிசையில் கட்டியிருக்கிறார்கள். அழுகைக்கு முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை இடம் கொடுத்த பாட்டு என்று சொல்லலாம். சுவரில் மாட்டுகிற படங்களில் வருவது 22, 23 ஆம் வசனங்கள்: அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, "அவைகள் காலைதோறும் புதியவைகள்". ஆனால் 18ஆம் வசனத்தில் இதே மனிதர், என் பெலனும் நான் கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்கிறார். 21இல் "இதை என் மனதிலே வைத்து, நம்பிக்கை கொண்டிருப்பேன்" என்கிறார். பென்சிலால் 18க்கு நேர்கோடு, 21க்கு வட்டம் போட்டுவிட்டு நடுவில் இருக்கிற 19, 20ஐப் பாருங்கள். அங்கே நகரம் மீட்கப்படவில்லை. எதிரி போகவில்லை. யாரும் சோறு கொண்டுவரவில்லை. தன் சிறுமையை நினைத்து ஆத்துமா முறிந்துபோகிறது, அவ்வளவுதான். சூழ்நிலையில் ஒன்றும் மாறாமல் மனதில் எதை வைப்பது என்பது மட்டும் மாறுகிறது. அதுவும் நிலையாக மாறிவிடவில்லை. அதே அதிகாரத்தில் மறுபடி அழுகிறார். 22ஐ மட்டும் மாட்டியிருப்பவருக்கு, தனக்கு 18 நேரும்போது தான் விசுவாசத்தில் தவறிவிட்டதாகத் தோன்றும். முழு அதிகாரத்தையும் வாசித்தவருக்கு 18 எழுதியவரும் 22 எழுதியவரும் ஒருவரே என்று தெரியும்.

துக்க வீட்டுக்கு எடுத்துப் போகும்போது

இது புதியவர்களை விட அவர்களுக்கு உதவப் போகிறவர்களுக்கு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபின், கடலோர ஊர்களில் உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் போய் 107ஆம் சங்கீதத்தில் கப்பலேறினவர்கள் விரும்பிய துறைமுகத்தில் சேருகிற பகுதியை முதலில் வாசிக்காதீர்கள். 121இன் "உன்னைக் காப்பார்" என்பதும் அன்றைக்கு வேண்டாம். அங்கே வாசிக்க 88ஆம் சங்கீதம் இருக்கிறது. எந்த வெளிச்சமும் இல்லாமல் இருளிலேயே முடிகிற பாட்டு. வாசித்துவிட்டு விளக்கம் சொல்லாமல் உட்காருங்கள். துக்கப்படுகிறவரே வாசிக்கத் தொடங்குகிறார் என்றால் 40 நாள் வரிசையை அவர் சங்கீதம் 13, 88, புலம்பல் 3 என்று தொடங்கட்டும், மற்றவை பிறகு.

எங்கே தவறும்

மிக அதிகம் நடப்பது ஒரு நாள் விட்டுப்போவது. விட்டதை மறுநாள் சேர்த்து இரண்டாக வாசித்தால் மூன்றாம் நாள் மூன்றாகும், ஐந்தாம் நாள் விட்டுவிடுவீர்கள். விட்ட அதிகாரத்திலிருந்தே தொடருங்கள், 40 நாள் 55 ஆகட்டும். 66 புத்தகங்களும் சேர்ந்து மொத்தம் 1,189 அதிகாரம். ஒரே வருடத்தில் முடிக்க தினம் மூன்று நான்கு வேண்டும். அந்த ஓட்டம் தொடக்கத்திலேயே வேண்டாம்.

கண்ணை மூடித் திறந்த பக்கத்தில் விரல் வைக்கிற பழக்கம் இன்னொன்று. அது குறி கேட்பதற்கும் வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அழித்துவிடும். கோர்ட் வழக்கு, வரன், நிலம் வாங்குவது போன்ற காரியங்களுக்கு அப்படி விரல் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மூன்றாவதை அழுத்திச் சொல்ல வேண்டும். சுகமாக்குகிற வசனத்தை வாசித்துவிட்டு சர்க்கரை, பிரஷர், வலிப்பு, மனநல மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. மாத்திரை போடுவது அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார் (1 தீமோத்தேயு 5:23). வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் வாசிப்பு மட்டும் போதாது. 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மனநல உதவிக்கான இலவச அரசு எண், எல்லையின் இரு பக்கமும் கிடைக்கும். வீட்டில் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். வனாந்தரத்தில் சூரைச் செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும், தூக்கமும் (1 இராஜாக்கள் 19).

ஒருவரோடு சேர்ந்து

தனியாக வாசிக்கும்போது கேள்வி சேரும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து வாரம் ஒருமுறை யாரிடமாவது கேளுங்கள். கத்தோலிக்கர்களுக்கு அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடுகிற அன்பியக் கூட்டம், சி.எஸ்.ஐ. சபைகளில் வேதபாட வகுப்பு, இல்லையென்றால் ஆயரிடமோ சபை ஊழியரிடமோ கேட்கலாம். எந்தச் சபை என்பதைவிட, தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடியவரா என்று பாருங்கள். வாசிக்கத் தெரியாத அம்மச்சி வீட்டில் இருந்தால் அவருக்கு முன்னால் வாய்விட்டு வாசியுங்கள். அநேக சங்கீதங்கள் அவருக்கு மனப்பாடமாக இருக்கும், நீங்கள் தடுமாறுகிற சொல்லை அவர் எடுத்துக் கொடுப்பார்.

நாற்பதாம் நாளுக்கான லூக்கா 24ஐ முடிந்தால் இன்னொருவரோடு வாசியுங்கள். எருசலேமிலிருந்து எம்மாவுக்கு இரண்டு பேர் நடந்து போகிறார்கள். ஏறக்குறைய 11 கிலோமீட்டர், மார்த்தாண்டத்தில் கிளம்பிக் களியக்காவிளை தாண்டிப் போகிற அளவு. வழியில் சேர்ந்துகொண்டவர் உயிர்த்த இயேசு. அவரிடமே அவர்கள் சொல்வது 21ஆம் வசனத்தில்: இயேசுவே மீட்பார் என்று "நம்பியிருந்தோம்". இறந்தகாலம். அந்தச் சொல்லுக்கு நேர்கோடு போடுங்கள். அவர் அவர்களைக் கண்டிக்கிறார், ஆனால் விட்டுப் போகவில்லை. மோசே முதல் எல்லாத் தீர்க்கதரிசிகளும் எழுதியதை நடந்தபடியே விளக்குகிறார். யார் என்று அவர்களுக்கு அப்போது தெரியவில்லை. சாயங்காலமாகிறது, எங்களோடு தங்கும் என்று வருந்திக் கேட்கிறார்கள், அப்பம் பிட்கும்போதுதான் கண் திறக்கிறது. அந்த ராத்திரியே எழுந்து அதே 11 கிலோமீட்டரைத் திரும்ப நடக்கிறார்கள். வட்டத்தை எங்கே போடுவது என்று இருவரும் தனித்தனியாகத் தீர்மானித்துவிட்டு, பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டிக்கொள்ளுங்கள்.